வக்கீல் ராவுத்தரும் மாயாண்டியின் வாக்குமூலமும்

மத்தியான இடைவேளையில் நாங்கள் டிபன் பாத்திரங்களைத் திறந்துகொண்டிருந்தபோது, காதர் மீரான் ராவுத்தரின் குமாஸ்தா வக்கீல்கள் அறை வாசலில் வந்து நின்றார். எப்போதும் கக்கத்தில் இருக்கும் கேஸ் கட்டு அன்று இல்லை. “அய்யா மவுத்தாயிட்டாருங்க” என்று சாவைச் சொன்னார். காலையில்தான் ராவுத்தருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவருடைய வழக்குக்கு வாய்தா வாங்கியிருந்தேன்.

அவரோடு வாதாடியவர்களுக்கு அவருடைய கோபம் தெரியும். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது சட்டம். அதனால் போலீசார் ஆளை ஸ்டேஷனில் பக்குவப்படுத்தி மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போவார்கள். அங்கே சொன்னால் செல்லும். “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். ராவுத்தர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், “சட்டம் முன்வாசலத்தான் பூட்டியிருக்கு மாப்ள. அதே வாக்குமூலம் கொல்லை வழியா உள்ள வருது” என்றார். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் மாமா.

மாயாண்டி வழக்கு அவரைத் தின்றுவிட்டது. மாயாண்டி அவனியாபுரம் பக்கத்துப் பண்ணையொன்றில் கூலிக்காரன். பண்ணைக்காரர் வயலில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்; இவனைப் பிடித்துப்போய் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். பிறகு கொலையை ஒப்புக்கொள்கிறான் என்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். “நீயாகத்தானே சொல்கிறாய்?” என்று அவர் கேட்க, “ஆமாங்க சாமி” என்றான். அந்த வாக்குமூலத்தை விட்டால் அவன்மேல் வேறு சாட்சியமே கிடையாது. அதைத் தள்ளவைத்தால் உயிர் பிழைப்பான், இல்லாவிட்டால் தூக்கு.

மாயாண்டி பிறந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரிடமும் ‘இல்லை’ என்று சொன்னவனில்லை. சொன்னால் முதுகுத் தோல் உரியும் என்பது அவன் அப்பன், பாட்டன் காலத்துப் பாடம். மாஜிஸ்திரேட் கேட்ட கேள்விக்கும் அந்தப் பாடத்தைத்தான் ஒப்பித்திருக்கிறான் என்று ராவுத்தர் கண்டுகொண்டார். ஆனால் இதை எந்தப் பிரிவின் கீழ் வாதிடுவது? விசாரணையில் ஜட்ஜ் மாயாண்டியிடம் கேள்விகள் கேட்டு முடித்தபோது ராவுத்தர் எழுந்து, இந்தக் கோர்ட்டுக் கட்டடத்துக்கு நெருப்பு வைத்ததும் அவன்தானா என்று கேட்கச் சொன்னார். ஜட்ஜ் எரிச்சலோடு கேட்டார். மாயாண்டி கையைக் கூப்பிக்கொண்டு, “ஆமாங்க சாமி” என்றான்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். தீர்ப்பில் அதை வக்கீலின் குறும்பு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்கள். வாக்குமூலம் நின்றது. ஹைகோர்ட்டிலும் நின்றது.

அதன்பிறகு ராவுத்தர் ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் கட்சிக்காரர்களுக்கு ‘இல்லை’ சொல்லப் பழக்குவார். “நான் மாஜிஸ்திரேட்டுன்னு நெனச்சுக்க. நீயாத்தான சொல்ற? இல்லன்னு சொல்லுப்பா.” அவர்கள் அவருடைய காலைப் பார்த்தபடி நிற்பார்கள். ராவுத்தர் பள்ளிக்கூடம் என்று வக்கீல்கள் கேலி செய்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவன்கூடத் தேறவில்லை.

தூக்குக்கு முன்னால் அவர் மாயாண்டியைப் பார்க்கப் போனதை என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். “என்னால ஆனதச் செஞ்சேன்ல? எம்மேல உனக்கு வருத்தமில்லல்ல?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாங்க சாமி” என்றானாம்.

“அத நான் எப்படி மாப்ள நம்புறது?” என்றார்.

ராவுத்தரின் அடக்கம் முடிந்து திரும்பியபோது, அவருடைய சட்டப் புத்தகங்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மகன். நான் எதையும் எடுக்கவில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். நேற்று ஜெயிலில் என் கட்சிக்காரன் ஒருவனிடம் அரைமணி நேரம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டேன்.

“ஆமாங்க சாமி” என்றான்.