கரூர்க்காரி ஆன நாகவல்லி

தமிழே பேசாமல் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், மனப்பாடம் கூடவே கூடாது என்றுதான் அகல்யா பயிற்சியில் படித்திருந்தாள். படித்தவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். திருமுல்லைவாயிலில் தன் ஃப்ளாட்டின் முன்னறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்த பிறகுதான் தெரிந்தது, தமிழை நிறுத்தினால் எட்டுப் பெண்களும் வாயையே நிறுத்திவிடுவார்கள் என்று.

வேறு வழியில்லாமல் ஒரு சுய அறிமுகத்தை எழுதிப் போட்டாள். கரூரில் பிறந்தது, கணவரின் துணை என்று தன் கதையையே எழுதினாள். "இது மாதிரிதான். உங்க விஷயத்த நீங்க மாத்திக்குங்க" என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். மறுவாரம் எட்டுப் பேரும் எழுந்து, தங்கள் சொந்த ஊர் கரூர் என்று சரளமாகச் சொன்னார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அந்த எட்டில் ஒருத்தி நாகவல்லி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சூப்பர்வைசர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். மும்பையிலிருந்து வரும் அதிகாரி ஆங்கிலத்தில்தான் கேட்பார். அது கிடைத்தால் நாளெல்லாம் நின்றுகொண்டே பெட்டி ஒட்ட வேண்டாம். முட்டி அவளை அவ்வளவு படுத்தியது.

நேர்காணலுக்கு முந்தின நாள் அகல்யா அவளைத் தனியாக நிறுத்தி, அறிமுகத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நாகவல்லி ஊரை மாற்றியிருந்தாள். பிள்ளைகளையும் மாற்றியிருந்தாள். ஆனால் நடுவில், எல்லாவற்றுக்கும் என் கணவர் உறுதுணையாக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னாள். அகல்யாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனிதர் இவளையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. வகுப்பில் சேர்ந்த அன்றே நாகவல்லி சொல்லியிருந்தாள்.

"அக்கா, அந்த வரி வேண்டாமே. அதை விட்டுட்டுச் சொல்லுங்க."

விட்டுவிட்டுச் சொன்னாள். பாதியிலேயே நின்றுபோனாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றாள். "அத்த எடுத்தா மொத்தமும் பூடுது மிஸ்" என்றாள்.

பொய்யைச் சொல்லச் சொல்வதா, ஊமையாக அனுப்புவதா? எந்தப் பாடத்திட்டமும் இதற்கு வழி சொல்லவில்லை. அகல்யாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. "உங்களுக்கு எது வருதோ அதச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். அது அறிவுரையா, கைகழுவலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதவி கிடைத்துவிட்டது. இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாள் நாகவல்லி. சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு அகல்யா அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அந்த வரியச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மிஸ்."

"பயத்துலயா?"

"இல்ல. நின்னு யோசிச்சிதான் சொன்னேன்." நாகவல்லி பெட்டியைப் பிரித்து நீட்டினாள். "தமிழ்ல அந்தாளப் பத்தி வாயத் தொறந்தா திட்டுதான் வருது. இங்கிலீஷ்லயாச்சும் ஊட்ல இருக்கட்டுமே மிஸ்."