கிணற்றுக்குள் இறங்கும் கேன்

மன்னார்புரத்து இன்சூரன்ஸ் ஆபீசில் வெங்கட்ராகவன் கையெழுத்துப் போடாமல் ஒரு காகிதமும் நகராது. ஸ்ரீரங்கத்து வீட்டில் அவர் சொல்லி ஒரு துரும்பும் நகர்ந்ததில்லை.

அங்கே பூஜையறைப் பெருமாளின் திருமஞ்சனத்துக்குக் கொல்லைக் கிணற்று ஜலம்தான். மற்ற ஜலத்தை யார் யார் தொட்டார்களோ. திருமஞ்சனமானதும் அதுவே தீர்த்தம். அதை உள்ளங்கையில் வாங்கிப் பருகாமல் மனைவி கோதைநாயகி காபியைத் தொட மாட்டாள்.

பின்பக்கம் பக்தர்கள் வசதிக்காக ஒரு லாட்ஜ் எழும்பியது. ஏசி உண்டு, வெந்நீர் உண்டு, ஏகாதசிக்கு முன்பதிவும் உண்டு. கழிவு போக மட்டும் வழி செய்ய மறந்துவிட்டார்கள். அது தானே மண்ணுக்குள் வழி விசாரித்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. கோதைநாயகிக்குக் காமாலை.

கிணற்று நீரைப் பரிசோதிக்க வந்த சுகாதார அதிகாரி பாட்டிலில் பிடித்து முகர்ந்து பார்த்தார். "இதைக் குடிக்காதீங்க சார்."

"பெருமாளுக்கு?"

"அவர் எங்க லிஸ்ட்ல வர மாட்டார் சார்."

"அந்த லாட்ஜ்?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

காமாலை இறங்கியதும் கோதைநாயகிக்குக் கவலை வந்தது, தன்னைப் பற்றியல்ல. "எனக்கு மருந்து இருக்கு. அவருக்கு என்ன குடுப்பேள்? அந்த நாத்தத்துலயா தினம் அவரை நனைக்கறது?"

"காய்ச்சி ஆற வெச்சா?"

"கொதிச்சு ஆறின ஜலமா? அவர் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திண்டிருக்கார்?"

"அப்போ கேன் வாங்கிடறேன்."

"கிணத்து ஜலமில்லாம திருமஞ்சனமா?"

வெங்கட்ராகவன் ஆபீஸ் மூளையை வீட்டுக்கு அழைத்து வந்தார். கேன் வாங்கினார். அதன் கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். அடிப்பாகம் நீரைத் தொட்டதும், இடுப்பு பிடித்துக்கொள்ள, மேலே இழுத்தார். இப்போது அது கிணற்றிலிருந்து இறைத்த ஜலம். சாஸ்திரத்திலும் ஓட்டையில்லை, கேனிலும் ஓட்டையில்லை.

கோதைநாயகி சற்று யோசித்தாள். "கிணத்துலேர்ந்துதானே வந்தது" என்று வெள்ளிச் சொம்பை நீட்டினாள்.

சில வாரம் கழித்து, கேன் போடும் அப்ரார் இந்த வைபவத்தைப் பார்த்துவிட்டார். "எதுக்கு சார் உள்ள விடுறீங்க, கூலிங்குக்கா?"

"ஆமாம்ப்பா. இந்தத் தண்ணி எங்கேர்ந்து வர்றது?"

"பக்கத்துலதான் சார், லாட்ஜ் சுவத்தை ஒட்டி ஒரு போர். ஓனர் ஃபில்டர் பண்ணித்தான் தருவார். மெஷின்தான் அப்பப்ப ஓடாது. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு சார்?"

வெங்கட்ராகவன் வேறு கேன்காரரை விசாரித்தார். அவருக்கும் அதே போர்தான்.

மறுநாள் காலையில் கேன் வழக்கம்போல இறங்கியது, ஏறியது. கிணற்று நீர் முழுவதும் இப்போது துளசிக்குத்தான் போகிறது. அந்த வம்சத்தில் எந்தத் துளசியும் இப்படிக் கொழுத்ததில்லை. வெங்கட்ராகவன் ஒரு கைப்பிடி கூடுதலாகவே பறித்துத் தீர்த்தத்தில் போட்டார்.

"துளசி வாசனை தூக்கலா இருக்கே" என்று கோதைநாயகி பருகினாள்.

அவர் அவளை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணின் வெள்ளையைப் பார்த்தார்.

"என்ன பார்க்கறேள்?"

"ஒண்ணுமில்லை" என்றார். அவள் இன்னொரு முறை கையை நீட்டினாள். அவர் வார்த்தார்.