பத்துப் பேர் உட்காரும் மேட்டர்ஹார்ன்

எங்கள் அலுவலகத்தில் ஆல்ப்ஸ் மலை நான்காவது மாடியில் இருக்கிறது. தலைமையகம் ஜெர்மனியில் என்பதால், பெங்களூர்க் கிளையின் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் சிகரங்களின் பெயர். எங்கள் குழுவுக்கு வாய்த்தது மேட்டர்ஹார்ன். பத்துப் பேர் உட்காரலாம். குளிர் மட்டும் அசல் சிகரத்துக்குக் குறைவில்லை.

தலைமையகத்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார், ஒவ்வொரு குழுவும் தன் அறையின் பெயர்க்காரணத்தைப் போஸ்டராக ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலை என் தலையில் விழுந்தது. நானும் மறுக்கவில்லை. ஜெர்மனியிலேயே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்புக்கு மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன், ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த அம்மையார்தான். தினமும் அத்திபெலேயிலிருந்து ஓசூர் ரோட்டில் ஊர்ந்து வருகிறவனுக்கு ஒருமுறை பறக்க ஆசை வருவது குற்றமா?

இரண்டு நாள் தேடிப் படித்தேன். ‘மாட்டே’ என்றால் புல்வெளி, ‘ஹார்ன்’ என்றால் கொம்பு. அடிவாரத்தில் இருந்த புல்வெளியை வைத்து மேலே நின்ற கொம்புக்குப் பெயர். அவ்வளவுதான். மலையைப் பார்த்து வாய் பிளக்காமல், கீழே இருந்த புல்லைச் சொல்லிப் பெயர் வைத்தவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவர்.

“என்ன குரு, புல்லுன்னு போட்டிருக்க? நம்ம டீமைப் பத்தி என்ன நினைப்பாங்க? பழைய ஜெர்மன்ல ‘அஞ்சாதவன் சிகரம்’னு அர்த்தம்னு போடு.”

“சார், அவங்களே ஜெர்மன். தெரிஞ்சுடாதா?”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுப்பா. அவங்கவங்க ஊர்ப் பேருக்கு அர்த்தம் யாருக்குத் தெரியுது?”

போட்டேன். அடியில் என் பெயரையும் போடச் சொன்னார். மாட்டினால் நான் மட்டும் மாட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம்.

அம்மையார் வந்தார். போஸ்டர் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, தான் மலையே இல்லாத கடலோர ஊர்க்காரி, இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டார். யார் எழுதியது என்று கேட்டதும் மேனேஜர் முன்னால் பாய்ந்தார். ஆனால் போஸ்டரில் இருந்தது என் பெயர்.

ஆன்சைட் கிடைத்துவிட்டது. வீட்டில் கேசரி கிளறினார்கள், நான் தட்டைத் தள்ளிவைத்தேன். போன முதல் நாளே, தலைமையகத்தில் அத்தனை ஜெர்மானியர்களையும் உட்காரவைத்து அந்தப் பெயர்க்காரணத்தை நான் விளக்க வேண்டுமாம். அதில் ஒருவர்கூட மலைப்பக்கத்து ஆளாக இருந்துவிடக் கூடாதென்று நான் வேண்டாத சாமியில்லை.