மீன் வரைந்த கட்டில்

கடந்த வருடம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்த நேரம். கற்பிட்டிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதியாக வேலை செய்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெங்காயத் தோட்டம். ஜன்னலைத் திறந்தால் மணல், மூடினால் வியர்வை.

எங்கள் அவசர சிகிச்சை அறையில் சிறுவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. குறை சொல்ல முடியாத புத்தகம்தான். ஆனால் வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அலறியபடி ஓடிவரும்போது யார் பக்கம் புரட்டுவது? பிள்ளையின் எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. தராசோ அடுத்த கட்டடத்தில். எடையை உத்தேசமாகச் சொல்லி, கணக்குப் போட்டு, போட்டது சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பிள்ளை துடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இத்தனையும்.

அப்போதுதான் சிலாபத்திலிருந்து புதிய டொக்டர் வந்தார். சிங்களப் பெண். தமிழை வேகமாகப் பேசி, தடுக்கும் இடத்தில் தானே சிரித்துவிடுவார். பிள்ளையின் உயரத்தை வைத்தே எடையை ஓரளவு சொல்லிவிடலாம், வெளிநாடுகளில் அதற்கு நிறம் போட்ட நாடா இருக்கிறது என்றார்.

"எங்களுக்கு நாடா என்னத்துக்கு மிஸ்? கட்டில் இருக்குதானே!" என்றும் அவரே சொன்னார். தாதிகளை இங்கே 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவருடைய யோசனை இதுதான்: கட்டில் ஓரத்தில் வரிசையாக நிறங்கள். பிள்ளையைக் கிடத்தினால் கால் எந்த நிறத்தில் முடிகிறதோ அந்த நிறப் பெட்டியை எடுக்க வேண்டியதுதான். உள்ளே மருந்தும், நிபுணர் ஒருவர் சரிபார்த்த அளவு அட்டையும் இருக்கும், தமிழிலும் சிங்களத்திலும். என் கணவர் மீன்பிடிப் படகுகளுக்கு, எங்கள் பேச்சில் போட்டுகளுக்கு, பெயின்ட் அடிப்பவர். மிஞ்சிய டின்களைக் கொண்டுவந்து சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பூசிவிட்டார். மருந்தெடுக்க வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குள் போட்டு கட்டுகிறீர்களா என்று எங்களைக் கிண்டல் பண்ணினார்கள்.

பெயின்ட் காய்ந்ததும் ஒத்திகை. என் மகளின் பொம்மைதான் நோயாளி, நான்தான் தாய். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? "யா அல்லாஹ், என்ட புள்ள!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து பொம்மையைக் கட்டிலில் போட்டேன். கூட வேலை செய்யும் தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு பொம்மையின் காலைப் பார்த்தார்.

"நீலம் டொக்டர்."

நீலம் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கான அளவு. பொம்மையோ கைக்குழந்தை. நான் பொம்மையின் தலையைக் கால்மாட்டில் வைத்திருந்தேன்! ஏன் அப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தபோதுதான் விளங்கியது. மேற்கே கடல், நாங்கள் முகம் வைத்துத் தொழும் கிப்லாவும் அந்தப் பக்கம்தான். நாங்கள் கிப்லாவுக்குக் கால் நீட்டிப் படுப்பதில்லை. நாங்கள் பூசியிருந்தபடி கிடத்தினால் பிள்ளையின் கால் நேராக மேற்கே போகும். என் கை என்னைக் கேட்காமலே பொம்மையைத் திருப்பிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "பொம்மை எண்டதாலே சிரிக்கிறோம் மிஸ்" என்றார். அளவு கூடினால் பிள்ளையின் மூச்சே நின்றுபோகும் மருந்து அது.

அன்று பின்னேரமே கணவர் பெயின்டைச் சுரண்டி, தலைமாட்டை மேற்கே மாற்றி மறுபடியும் பூசினார். "போட்டுக்கு முன்னுக்கு எது, பின்னுக்கு எதெண்டு பாக்காமலா எனக்கு வேலை தந்தீங்க?" என்று என்னைச் சீண்டவும் மறக்கவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கட்டும் என்று கட்டில் நீளத்துக்கு ஒரு மீனையும் வரைந்தார். தலை இருக்கும் இடத்தில் மீனின் தலை, கால் போகும் பக்கம் வால். கண் மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. காய்ச்சலில் வலிப்பு வந்த சிறுமி. தோட்டத்து மண் ஒட்டிய கையோடு அவளுடைய உம்மா. வலிப்பு நிற்கவேயில்லை. அவர் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தலை மீனின் தலைப் பக்கம்தான் இருந்தது. கால் மஞ்சளில். டொக்டர் கையை நீட்டியபோது மருந்து தயாராக இருந்தது. புரட்டுவதற்குப் பக்கமும் இல்லை, போடுவதற்குக் கணக்கும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு அடங்கியது. பிள்ளை சிணுங்கி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அந்த உம்மா டொக்டரைக் கட்டிப்பிடித்ததில் வெள்ளைக் கோட்டு முழுக்கத் தோட்டத்து மண்.

பின்னேரம் சிறுமி எழுந்து உட்கார்ந்து மீனின் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"உம்மா, இது ஏன் இப்படி முழிக்குது?"

"உன்னப் பாத்துத்தான்" என்றார் உம்மா.

வழிகாட்டி என்பது படித்தவர்கள் படிப்பதற்கு எழுதுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பதறிப்போன ஒரு தாயின் கை யோசிக்காமல் செய்வதே சரியாக அமைந்துவிட இடம் கொடுப்பதுதான் நல்ல வழிகாட்டி என்பது, அந்த மீனின் முழிக்கண்ணைத் துடைக்கும் ஒவ்வொரு காலையும் எனக்குச் சிரிப்போடு நினைவுக்கு வருகிறது.