ரெட்டை விட்டத்தில் ஒரு தொட்டில்

என் மனைவி முத்துச்செல்வியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவள் காலைத்தான் பார்க்க வேண்டும். கே.கே. நகரில் ஏதாவது ஒரு வீட்டுச் சமையலறையில், சிங்குக்குக் கீழே இருக்கிற அலமாரிக்குள் தலையும் உடம்பும் போயிருக்கும். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து, "வாடா ராசா, இன்னுங் கொஞ்சம்... வந்துரு, வந்துரு" என்று குரல் கேட்கும். பயந்துவிடாதீர்கள், ஸ்குரூவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் இத்தனை கொஞ்சலாகப் பேசியதில்லை.

மாடுலர் கிச்சன் மாட்டுகிற கம்பெனியில் வேலை. சேர்ந்த புதிதில் பலகைகளைத் துடைத்து அடுக்கத்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஃபிட்டருக்குத் தோள் நுழையவில்லை. "தள்ளுங்கண்ணே" என்று இவள் புகுந்தாள். அதிலிருந்து சந்து பொந்து வேலை என்றாலே செல்விதான்.

அவள் கையில் இருப்பது ரைட் ஆங்கிள் டிரில். சாதாரண டிரில் துப்பாக்கி மாதிரி நீளும். இது கழுத்தை மடக்கிக்கொண்டிருக்கும். பிடி ஒரு பக்கம் கிடக்க, தலை மட்டும் திரும்பி, ஒரு சாண் இடத்துக்குள் நேராகத் துளை போடும். பேட்டரியில் ஓடுவதால் ஒயர் காலைச் சுற்றாது. அதற்கு அவள் வைத்திருக்கிற பெயர் குள்ளன். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடம் குள்ளனுக்குச் சொந்தம்; என் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவளுடைய தங்கை தாமரைச்செல்வியைக் கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பெண் குழந்தை, ஆர்த்திகா. மூன்று மாதம் அந்தப் பிள்ளையைத் தரையில் விடாமல் வைத்திருந்தாள் என் மனைவி. பிள்ளை முதன்முதலாகத் தகப்பன் வீட்டுக்குப் போகும்போது தாய்மாமன் தன் கையால் தொட்டில் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அக்கா தங்கைக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது.

"நான் கட்டுறேன் மாமா" என்று தாமரையின் மாமனார் சோணைமுத்துவிடம் போனில் கேட்டாள்.

"மாமன்னா ஆம்பளதான தாயி? மாமன் இல்லாத பிள்ளைன்னு ஊரு பேசும்ல" என்றார் அவர். இவளுடைய சித்தப்பா மகன் கருத்தக்கண்ணன் வாடிப்பட்டியிலிருந்து வந்து கட்டட்டும் என்று முடிவாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டிருப்பேன். செல்வி முறைத்ததால் விட்டேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "ஆஸ்பத்திரியில அவள மொதல்ல கையில வாங்குனது நானு. தொட்டில் கட்ட மட்டும் ஆகாதாமா?" என்றாள். அவளுக்கு அந்தத் தொட்டில் அம்புட்டு முக்கியம்.

குறித்த நாளில் தாமரையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். தொட்டில் புடவையும் சீர்த் தட்டுகளும் சீட்டில் ஏறின. "குள்ளன எடுத்து வைக்கவா?" என்றேன். "எதுக்கு? எனக்கென்ன அங்க சோலி?" என்று வெடுக்கென்று சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் பூ வைக்கப் போன நேரத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

சோணைமுத்துவின் வீடு ஓட்டு வீடு. கூடத்தின் ஓரத்தில், ஒரு சாண் இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு தேக்கு விட்டங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் ஆடியிருக்கிறார்கள். கம்பி துருப்பிடித்துப் போனதால் புதிதாக மாட்ட வேண்டும். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் பரண் அடைத்திருந்தது. மேலே பலகை அடித்திருப்பதால் கயிறு சுற்றவும் வழியில்லை. இரண்டு விட்டங்களின் உள்பக்கமாகத்தான் துளை போட்டுக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டை முடுக்க வேண்டும்.

கருத்தக்கண்ணன் பட்டு வேட்டியோடு ஏணியில் ஏறினான். பெரிய டிரில். நேராக வைத்தான், இடித்தது. படுக்க வைத்தான், அப்போதும் இடித்தது. சாய்த்துப் பிடித்து அமுக்கியதில் பிட் வழுக்கித் தேக்கில் ஒரு கீறல் விழுந்தது. அவன் தலையில் தூசி. கீழே நின்ற ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. ராகு காலம் வரப்போகிறது என்று சோணைமுத்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் கண் விட்டத்தில் இருந்தது. விரல்கள் தாமாகவே எதையோ முடுக்கிக்கொண்டிருந்தன. நான் மெல்ல வண்டிக்குப் போய்க் குள்ளன் இருந்த பையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் திட்டும் இருந்தது, கொஞ்சலும் இருந்தது.

கருத்தக்கண்ணன் பாதி ஏணி இறங்கி, "அக்கா, அந்த மிஷினக் குடு. நான் போட்டுர்றேன்" என்றான்.

"மிஷின் வேணும்னா நானும் சேந்துதான் வருவேன்."

சோணைமுத்து விட்டத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

கருத்தக்கண்ணனே முழுசாக இறங்கிவிட்டான். "மாமா, அக்கா ஏறட்டும். எனக்கு இந்த வேல தெரியாது. நான் ஏணியப் பிடிக்கிறேன்." நல்ல பயல். அவனை மனசுக்குள் எத்தனை திட்டியிருந்தேனோ, அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"ஏறு தாயி" என்றார் சோணைமுத்து.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். குள்ளன் இரண்டு விட்டங்களுக்கு நடுவே தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தான். முதலில் சின்னத் துளை, பிறகு ஸ்குரூ. "வாடா ராசா, வந்துரு வந்துரு" என்று அவள் ஆரம்பித்ததும் கூடமே சிரித்தது. அவளுக்கு அது காதில் விழவில்லை. தேக்குத்தூள் கருத்தக்கண்ணனின் பட்டு வேட்டியில் கொட்டியது. அவன் ஏணியை விடவில்லை.

கம்பி மாட்டியாயிற்று. புடவையைத் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டாள். வழக்கப்படி முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டினார்கள். விட்டம் முனகக்கூட இல்லை. பிறகு தாமரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், நேராக அக்கா கையில் கொடுத்தாள்.

"வாடி ராசாத்தி" என்றாள் செல்வி. பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். இரண்டு ஆட்டில் அழுகை நின்றது.

சோணைமுத்து தட்டிலிருந்த துண்டை எடுத்தார். மாமனுக்கென்று வாங்கி வைத்த துண்டு. கருத்தக்கண்ணன் கும்பிட்டுக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்தான். சோணைமுத்து அவனைத் தாண்டிப் போய், தூசியும் மரத்தூளுமாக இருந்த என் மனைவியின் தோளில் அதைப் போட்டார். பிறகு பந்தி நடக்கிற பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏய், எங்க பிள்ளையோட மாமனுக்கு மொதல் இலையப் போடுங்கப்பா!"

செல்வி அந்தத் துண்டோடு போய் முதல் இலையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்து இலையில், மடியில் குள்ளனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.