பிள்ளைக்குக் கேட்ட சங்கு

சங்கு என்று நான் சொன்னது, பிள்ளைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கை. என் வீட்டுக்காரர் புரிந்துகொண்டது கடல் சங்கை. விழுப்புரத்துக்காரர், கப்பலில் சமையல் வேலை. மகள் பிறந்து சில மாதங்களாகியும் போனில்தான் முகம் பார்த்திருந்தார். திண்டிவனத்தில் அம்மா வீட்டிலிருந்த நான், வரும்போது சங்கு வாங்கிவரச் சொன்னேன். அப்பா வாங்கிய சங்கில் மகள் பால் குடிக்க வேண்டும் என்று ஆசை.

விமானம் ஏறுவதற்கு முதல் நாள், கப்பல் நின்ற தீவிலிருந்து போட்டோ அனுப்பினார். பூசணிக்காய் அளவுச் சங்கு, உள்ளே ரோஸ் நிறம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, இதில் ஊற்றுவதற்குத் தனியாக ஒரு மாடு வாங்க வேண்டும் என்றாள்.

விஷயம் புரிந்து அவரும் சிரித்தார். "சரி, ஷோகேஸ்ல வெச்சிக்கலாம். கடைக்காரன் துணிக்குள்ள சுத்தி, யாருக்கும் தெரியாம எடுத்துக்கினு போவச் சொன்னான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நல்ல பொருளை எவனாவது ஒளித்துக் கொண்டுபோகச் சொல்வானா? போனில் தேடிப் பார்த்தேன். அது பாதுகாக்கப்பட்ட சங்கினமாம். அந்த நாட்டு அனுமதியும் நம் நாட்டு அனுமதியும் இல்லாமல் சங்கின் வெறும் ஓட்டைக்கூட உள்ளே விடமாட்டார்கள். பிடித்தால் பறிமுதல், கேஸ். கேஸ் விழுந்தவரைக் கப்பலுக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா?

சொன்னால் மனுஷன் கேட்கவில்லை. செத்த சங்குக்கு என்ன சட்டம், நம் ஊர்க் கோயிலில் இல்லாத சங்கா என்று முறுக்கிக்கொண்டார். மகளுக்கென்று முதன்முதலில் வாங்கியதை எப்படி விடுவது என்றும் கேட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியதுதான். ஆனாலும் விடவில்லை.

"இன்னாங்க, அத எடுத்துக்கினு வந்தீங்கன்னா, ஏர்போர்ட்லயே உங்க வேலைக்கு சங்கு ஊதிடுவாங்க. புள்ளைக்கு சங்கு வேணாம், அப்பன் வந்தா போதும்" என்று போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையில் இறங்கியதும் கூப்பிட்டார். அதே கடையில் அதே சங்கை வாங்கிய கப்பல் கூட்டாளியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து, அவரைத் தனியாக உட்காரவைத்துவிட்டார்களாம். இவர் மட்டும் கிளம்பும் முன் சங்கைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"உன் பேச்சக் கேட்டதாலதான்டி நான் வெளிய நிக்கிறேன்" என்றார்.

அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! தெருவில் இறங்கி விசில் அடிக்கலாம் போலிருந்தது. அந்தக் கூட்டாளியை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. ஆனால் என் ஆள் தப்பித்துவிட்டார்.

திண்டிவனத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர் நேராக நகைக்கடைக்குப் போய், அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். இந்தச் சங்குதானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகுதான் பணம் கொடுத்தார்.

கப்பலில் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்குகிற கை, மகளை மடியில் வைத்து அந்தச் சின்னச் சங்கைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. பாதிப் பால் அவள் கழுத்தில்தான் வழிந்தது. ஒரு சொட்டு சிந்தினாலே கத்துகிற நான், அன்றைக்குச் சங்கில் மறுபடியும் பாலை ஊற்றிக் கொடுத்தேன்.