எங்கிருந்தும் துவங்காத பாதை

ஆல்பனியில் எங்கள் வரைபட அலுவலகத்துக்கு ஒரு நடைக்குழுத் தலைவி போன் செய்தார். தெற்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள ரங்கிப்போ பாலைவனத்தின் புதிய வரைபடத்தை, அச்சுக்கு முன் கருத்துக் கேட்டு அவருக்கு அனுப்பியிருந்தோம். அதிலுள்ள புது நடைபாதையில் சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். அந்தப் பாதையின் மறுமுனை ராணுவத்தின் சுடும் பயிற்சி நிலத்துக்குள் போகிறது. அங்கே மண்ணில் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. நான் சொல்லும்வரை போகவேண்டாம் என்றேன்.

வான்படத்தைப் பார்த்து அந்தக் கோட்டை வரைந்தவர் கார்த்திக். மதுரைக்காரர், கெட்டிக்காரர், கொஞ்சம் ரோஷக்காரரும்கூட.

"அக்கா, படத்துல பளிச்சுனு தெரியுது பாருங்க. ஆள் நடக்காம மண்ணு எப்படித் தேயும்?"

"ஓம், தேஞ்சுதான் கிடக்கு. ஆனா எங்கயிருந்து துவங்குது? கார் விடுற இடமும் இல்லை, தங்குற குடிலும் இல்லை. ஆக்கள் ஏன் நடுவெளியில நிண்டு நடக்கத் துவங்கினவை?" என்றேன்.

"ராணுவத்துக்காரங்களா இருக்குமோ?"

"ஆமிக்காரருக்கு வேலிக்கு இங்கால என்ன வேலை?"

மன்னாரில் பிறந்த எனக்கு, ஆமி நிலத்தை நோக்கிப் போகும் பாதையைக் கண்டால் அதில் யார் நடந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி இம்முறை என்னை விடவில்லை. ராணுவத்திடம் அனுமதி வாங்கி, வியாழக்கிழமை இருவரும் தெற்கே புறப்பட்டோம்.

கருமணல், மஞ்சள் புல், ஆளைத் தள்ளும் காற்று. துணைக்கு ஒரு சிப்பாய் வந்தார். பாதை படத்தில் இருந்தபடியே அங்கே இருந்தது. கார்த்திக் என்னை வெற்றியோடு பார்த்தார். எனக்கும் குழப்பம்தான்.

எல்லை வேலியில் ஓரிடத்தில் கம்பிகள் சரிந்து கிடந்தன. அங்கே நின்றபோது ஓடைப் பக்கமிருந்து காட்டுக் குதிரைகள் வரிசையாக வந்தன. முன்னால் ஒரு செம்பழுப்புப் பெட்டை. எல்லாம் அதே தடத்தில் கால் வைத்து, கம்பியைத் தாண்டி, பயிற்சி நிலத்துக்குள் போய்விட்டன. தண்ணீருக்கு வந்து போகிற வழி இதுதான் என்றார் சிப்பாய்.

கார்த்திக் வாயைத் திறந்தபடி நின்றார். "அடப்பாவிங்களா! உங்க ரோட்டையா நான் போட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்திலிருந்து பார்த்தால் பாதை தெரியும். யாருடைய பாதை என்று தெரியாது. இரண்டு முனைக்கும் காரணம் சொல்ல முடியாத கோட்டை அதன்பிறகு நாங்கள் அச்சுக்கு விட்டதில்லை.

மறுநாள் கார்த்திக் கோட்டை அழித்தார். நான் நடைக்குழுத் தலைவிக்குப் போன் செய்து, அது குதிரைத் தடம் என்றேன்.

"அப்ப பிள்ளைகள எங்க கூட்டிப்போறது?" என்று கேட்டார்.

பாலைவனத்தின் ஊடே போகும் பெருஞ்சாலைக்கு மேற்கே, ராணுவ நிலத்தைத் தொடாத ஒரு பாதையைச் சொன்னேன். அதில் நானே நடந்திருக்கிறேன்.